இடது கையில் ஒரு கேரம் போர்டு

என் வீட்டுக்காரர் மொய்துவுக்குக் கண் போனதைவிடக் கேரம் போனதுதான் பெரிய அடி என்று நான் சொன்னால், கல்நெஞ்சக்காரி என்பார்கள். சொல்லட்டும். அவரோடு குடித்தனம் நடத்துகிறவள் நான்.

விழித்திரை நோய். கல்யாணத்துக்கு முன்பே ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருந்தார்கள். ஓரங்களிலிருந்து இருட்டு மெல்ல உள்ளே வரும், ஒரு காலத்தில் நடுவிலும் இருட்டிவிடும் என்று. அப்படியே வந்தது. வந்தபோது அவர் தயாராகத்தான் இருந்தார். மட்டாஞ்சேரி பஜாரில் அவருக்குச் சுக்கு மொத்த வியாபாரம். சுக்கு என்பது உடைத்துப் பார்த்து, முகர்ந்து பார்த்து வாங்குகிற சரக்கு. மற்றதையெல்லாம் போன் வாசித்துக் காட்டும். கடைக்கு ஒரு குறையும் வரவில்லை.

சாயங்காலம்தான் வில்லங்கம். எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே, பழைய அரிசிக் கிட்டங்கியின் மாடியில் கேரம் கிளப். ஆட்டோ ஓட்டும் இசக்கிமுத்துவும் இவரும் அங்கே பல வருஷ ஜோடி. எதிரெதிரே உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல், ஒருவர் விட்டதை இன்னொருவர் எடுப்பார்கள். ஆட்டம் தொடங்கிவிட்டால் ஜோடிக்குள் பேச்சு கூடாது என்பது அந்தக் கிளப்பின் சட்டம். யார் மீறினாலும் செயலாளர் செல்லதுரை அண்ணாச்சி உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்.

கண் முழுதாகப் போன பிறகும் இவர் கொஞ்ச நாள் அங்கே போனார். இவருக்காகச் சட்டத்தைத் தளர்த்தினார்கள். இசக்கிமுத்து இவருடைய விரலைப் பிடித்து, காய் எங்கே, குழி எங்கே என்று காட்டுவார். எதிரே ஆடுகிறவர்கள் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பார்கள். ஒரு நாள் போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"அன்ஸி, நான் அடிச்ச ஸ்ட்ரைக்கர் போர்டை விட்டே வெளிய போச்சு," என்றார். "எல்லாரும் கை தட்டுறாங்க. இனி நான் அங்க போக மாட்டேன்."

அதன் பிறகு தினமும் சாயங்காலம் ஜன்னலைச் சாத்திவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். ஜன்னலைச் சாத்தினால் காய் மோதுகிற சத்தம் கேட்காமல் போய்விடுமா? எனக்கே கேட்டது. ஆறுதல் சொல்ல எனக்கு வராது. கோபம்தான் வரும், யார் மேல் என்றே தெரியாத கோபம்.

என் வேலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தினமும் படகில் அக்கரை போய், மெட்ரோ பிடித்துக் களமசேரிக்குப் போகிறேன். கை கால் அசைவு குறைந்தவர்களுக்குப் பிசியோதெரபிக் கருவி செய்யும் ஒரு சின்ன கம்பெனி. தோலின் மேல் இரண்டு பேட் ஒட்டி, சின்னதாக ஒரு மின்துடிப்பு கொடுத்தால் உள்ளே இருக்கும் தசை தானாகச் சுருங்கும். உத்தரவு மூளையிலிருந்து வந்ததா, பேட்டரியிலிருந்து வந்ததா என்று தசை விசாரிப்பதில்லை. கேட்டதும் செய்துவிடும். முதன்முதலில் என் கையில் ஒட்டிப் பார்த்த அன்று, நான் சும்மா இருக்க என் மோதிர விரல் மட்டும் எழுந்து என்னைப் பார்த்துத் தலையாட்டியது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துப் போனது. அப்புறம் அதுவே பிழைப்பாகி, புல்லரிப்பதும் நின்றுவிட்டது.

ஒரு நாள் அந்த மூடிய ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றபோது தோன்றியது. கண்ணால் வர முடியாதது தசை வழியாக வரலாமே. போர்டில் எங்கே என்ன இருக்கிறது என்று யாரும் வாய் திறக்காமல் கையே சொல்லக்கூடாதா?

சாப்பாட்டு மேஜையைப் பட்டறை ஆக்கினேன். ஒரு கேரம் போர்டு வாங்கிப் போட்டு, மேலே தொங்கிய விளக்கின் தொப்பிக்குள் ஒரு பழைய போனைக் கட்டினேன். அது கீழே பார்த்து வெள்ளை, கறுப்பு, சிவப்புக் காய்களை அடையாளம் காணும். ஆட்டக்காரரின் விரல் நுனியில் ஒரு பச்சை ரப்பர் வளையம், விரல் எங்கே என்று போனுக்குத் தெரிவதற்கு. கை குறுக்கே வந்தால் காய் மறையும் என்பதால், கை உள்ளே வருவதற்கு முன் பார்த்ததை அது நினைவில் வைத்துக்கொள்ளும். பேட்களை வரிசையாகத் தைத்த ஒரு கையுறை, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை. எல்லாவற்றையும் முதலில் என் கையில்தான் சோதித்தேன். முதல் வாரம் என் கை டம்ளரைத் தட்டிவிட்டது, சாயாவைக் கொட்டியது, ஒரு தடவை என்னையே அறைந்தது.

"இவ்வளவு நாள் என்னை அடிக்க நினைச்சது, இப்ப உனக்கே கிட்டுதாக்கும்," என்று சிரித்தார் அவர். பல மாதங்களுக்குப் பிறகு வந்த சிரிப்பு. அதற்காக இன்னும் இரண்டு அறை வாங்கியிருப்பேன்.

முதல் கையுறையை அவருடைய வலது கையில் மாட்டினேன், அடிக்கிற கை அதுதானே. காய்க்கு நேராக மணிக்கட்டைத் திருப்பி, சரியான நொடியில் விரலைச் சுண்டவும் வைத்தேன். ஒரு வெள்ளைக் காயை வைத்து மெஷினை ஓட்டினேன். டக் என்று போய்க் குழிக்குள் விழுந்தது. நான் கத்திய கத்தலில் கீழ்வீட்டு லதீஃபா இத்தா படியேறி ஓடி வந்தார்.

இவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"காய் விழுந்துச்சு மச்சான்!"

"கேட்டேன். ஆனா நான் அடிக்கல்லயே, அன்ஸி. அது அடிச்சுது. நான் கையை இரவல் கொடுத்தேன், அவ்வளவுதான்."

எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. ராத்திரி பகலாக உழைத்தவளுக்கு இதுவா பதில்? வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போனேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது கோபம் இறங்கி, அவர் சொன்னது உறைத்தது. கிளப்பில் இசக்கிமுத்து விரலைப் பிடித்துக் காட்டியதற்கும் நான் செய்ததற்கும் என்ன வித்தியாசம்? நானும் அவருக்காக ஆடிக்கொடுத்திருக்கிறேன். அவருக்கு வேண்டியது விழுகிற காய் இல்லை. அவரே ஆடிய ஆட்டம்.

ஆகவே சுண்டுவதையும் திருப்புவதையும் எடுத்துவிட்டேன். கை காய்க்கு மேலே போகும்போது ஒரு சின்ன இழுப்பு மட்டும். வெள்ளைக்கு மணிக்கட்டு லேசாகத் தாழும், கறுப்புக்கு லேசாக எழும், சிவப்புக்குச் சுண்டுவிரல் துடிக்கும். ஆனால் வலது கையில் எந்த இழுப்பு கொடுத்தாலும் அடி கெட்டது. குறி பார்க்கிற கையை யாரோ முழங்கையில் இடித்துக்கொண்டே இருந்தால் எப்படி அடிப்பது? குறைத்தால் தெரியவில்லை, கூட்டினால் குறி தப்பியது. எனக்கு வழி தெரியாமல் போனது.

அப்படியிருக்கையில் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து வந்தவரை உட்காரவைத்து, கையுறையை மாட்டி ஓட்டினேன். "அம்மோ!" என்று துள்ளினார். கழற்றிப் பார்த்தால் தோலில் ஒரு சிவப்புத் தடம். அப்போதுதான் மூக்கில் ஏறியது, அத்தர் வாசனை. பள்ளியில் தொழுகை முடிந்ததும் யாராவது அத்தர் நீட்டுவார்கள், இவர் வலது கையை நீட்டுவார். மற்றவர்கள் புறங்கையோடு நிறுத்திக்கொள்வார்கள். இவர் இடது உள்ளங்கையால் அதை முழங்கை வரைக்கும் இழுத்துத் தேய்த்துக்கொள்வார். எண்ணெய்ப் பிசுக்கில் பேட் சரியாக ஒட்டாமல் ஓரத்தில் மட்டும் பிடித்து, கரண்டு முழுதும் அந்த ஓரத்தில் பாய்ந்திருக்கிறது.

"வெள்ளிக்கிழமை மெஷின் மாட்டப் போறோம்னு தெரியும்ல? கல்யாண மாப்பிள்ளை மாதிரி அத்தர் எதுக்கு?"

"நீட்டுற அத்தரை வேண்டான்னு சொல்லலாமா? அது மரியாதையா?"

சோப்பு போட்டுக் கழுவியும் பிசுக்கு போகவில்லை. சிவந்த இடத்தில் திரும்ப ஒட்டவும் மனம் வரவில்லை. ஆனால் வயர் எதுவும் போய்விட்டதா என்று பார்த்தாக வேண்டும். இடது கையை இழுத்தேன்.

"நல்ல காரியத்துக்கு இடது கையா?" என்று முனகினார்.

"சோதிக்கத்தான். நீட்டுங்க."

பச்சை வளையத்தை இடது ஆள்காட்டி விரலில் மாட்டி, கையைப் போர்டுக்கு மேலே கொண்டுபோகச் சொன்னேன். மெதுவாக வட்டமடித்தார். மணிக்கட்டு தாழ்ந்தது. "வெள்ளை," என்றார். எழுந்தது. "கறுப்பு. பக்கத்துல இன்னொரு கறுப்பு, ஒட்டிக்கிட்டு." சுண்டுவிரல் துடித்தது. "ரெட்." வயர் எல்லாம் சரி என்று நான் போனை அணைக்கப் போனேன்.

அவர் இடது கையை அந்த வெள்ளைக் காய்க்கு மேலே அப்படியே நிறுத்தினார். வலது கை தானாக ஸ்ட்ரைக்கரைத் தேடி எடுத்துக் கோட்டில் வைத்தது. ஒரு கை காயின் மேல், ஒரு கை ஸ்ட்ரைக்கரின் மேல். நடுவே இருக்கும் தூரம் அவருடைய இரண்டு தோள்களுக்கு நடுவே இருந்தது. இடது கையை விலக்கிக்கொண்டு அடித்தார்.

காய் குழியின் விளிம்பைத் தொட்டு நின்றுவிட்டது. விழவில்லை.

"தப்பிடுச்சு!" என்றார். முகம் ஜொலித்தது. "அன்ஸி, நான் தப்பா அடிச்சேன்! கொஞ்சம் வலது பக்கம் போயிட்டேன்!"

இடது கை பார்க்கும், வலது கை ஆடும். இவ்வளவுதான் விஷயம். இத்தனை நாள் ஒரே கையைப் பார்க்கவும் சொல்லி, ஆடவும் சொல்லிப் படுத்தியிருக்கிறேன். நீட்டிய அத்தரை மறுக்காத ஒரு மனுஷனால் அது வெளியே வந்தது.

அதன் பிறகு கடை முடிந்ததும் அவர் நேராக மேஜைக்கு வந்தார். சில நாள் போனதும் நான் ஒன்றைக் கவனித்தேன். 'கை தாழ்ந்தது, எழுந்தது' என்ற பேச்சே அவரிடம் நின்றுவிட்டது. 'அந்த மூலையில ஒரு கறுப்பு', 'ரெட்டுக்குப் பின்னால ஒரு வெள்ளை ஒளிஞ்சிருக்கு' என்றுதான் சொன்னார், பார்த்துச் சொல்கிறவர் போல.

"இழுப்பு தெரியுதா இல்லையா?" என்று கேட்டேன்.

"எந்த இழுப்பு?" என்றார்.

விளையாடுகிறார் என்று நினைத்தேன். அவர் கடைக்குப் போயிருந்த ஒரு பகலில், துப்பட்டாவால் கண்ணை இறுக்கிக் கட்டிக்கொண்டு நானே கையுறையை மாட்டிக்கொண்டேன். முதலில் வெறும் இழுப்புதான், எனக்குப் பழகிய சங்கதி. இங்கே தாழ்கிறது, இங்கே எழுகிறது என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். திரும்பத் திரும்பச் சுற்றினேன். எப்போது என்று சொல்லத் தெரியாது, எண்ணுவது நின்றுவிட்டது. இழுப்பு என் கையில் இல்லை. வெளியே, எனக்கு முன்னால், போர்டின் மேல், காய்கள் இருந்தன. வட்டமாக, அதனதன் இடத்தில், அமைதியாக உட்கார்ந்திருந்தன. கையை வேகமாக வீசினால் ஒரு வரிசை, மெதுவாக ஓட்டினால் ஒவ்வொன்றாக. நான் கண்ணை மூடிக்கொண்டு ஒரு போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கட்டை அவிழ்த்தேன். எல்லாம் அங்கேயேதான் இருந்தது. சுப்ஹானல்லாஹ் என்று வாய்விட்டுச் சொன்னேன். அந்த ஒவ்வொரு வயரையும் நான் வைத்தேன், ஒவ்வொரு துடிப்பின் அளவும் எனக்குத் தெரியும். ஆனால் துடிப்பைக் காயாக்கியது நான் இல்லை. அது என் கருவியில் எங்குமே இல்லை. அந்த வேலையை உள்ளே யாரோ செய்கிறார்கள், யாரும் சொல்லிக்கொடுக்காமல், கேட்காமலே. அப்படி ஒன்றை மண்டைக்குள் வைத்துக்கொண்டுதான் நாமெல்லாம் பஸ்ஸுக்கும் படகுக்கும் ஓடிக்கொண்டிருக்கிறோம். அன்று சமைக்கவே தோன்றவில்லை. அவர் வந்ததும் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க சொன்னது நெசம்," என்றேன்.

"பின்னே? நான் எப்ப பொய் சொன்னேன்?" என்றார்.

அடுத்து கிளப். அவருக்குப் பயமாக இருந்தது, எனக்கும்தான். மறுபடியும் கை தட்டினால் மனுஷன் இந்த ஜன்மத்தில் அந்தப் படி ஏற மாட்டார். இசக்கிமுத்து ஆட்டோவை ஓரம் கட்டிவிட்டு முன்னால் ஏறினார். நான் போனையும் கையுறையையும் தூக்கிக்கொண்டு பின்னால். அங்கே நுழைந்த முதல் பொம்பளை நானாகத்தான் இருப்பேன். மஞ்சள் விளக்கு, பவுடர் மணம், கீழேயிருந்து வரும் பழைய சாக்கு மணம்.

செல்லதுரை அண்ணாச்சி வெங்காய மண்டிக்காரர். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். விளக்குக்குள் நான் போனைக் கட்டுவதை இடுப்பில் கை வைத்துப் பார்த்தார்.

"ஏம்மா, மொய்து பாய் வந்து உக்காரட்டும், சாயா குடிக்கட்டும், சந்தோஷம். ஆனா கரண்டுல ஆடுற ஆளுக்கு இங்க போர்டு கிடையாது. மெஷின் ஆடுனா அது ஆட்டமா?"

"மெஷின் ஆடல அண்ணாச்சி. நம்பலைன்னா நீங்களே மாட்டிப் பாருங்க."

எல்லோரும் பார்க்கிறார்கள், பின்வாங்க முடியுமா? உட்கார்ந்தார். தோள் துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு இடது கையைக் கொடுத்தார். காயின் மேல் கை போனதும், "யம்மா! உள்ள எலி ஓடுது!" என்று அலறினார். கூட்டம் சிரித்தது. வீம்புக்கு ஸ்ட்ரைக்கரை அடித்தார். அது போர்டைத் தாண்டிப் பறந்து இசக்கிமுத்துவின் சாயா கிளாஸில் விழுந்தது.

"மெஷின் ஆடும்னா அண்ணாச்சி இந்நேரம் சாம்பியன்லா?" என்றார் இசக்கிமுத்து, ஸ்ட்ரைக்கரை வேட்டியில் துடைத்துக்கொண்டே.

அண்ணாச்சி துண்டை அவிழ்த்தார். மூக்கு உடைந்த மாதிரிதான் இருந்தது. "சரி. ஒரு போர்டு. ஆனா பேச்சு கூடாது. யாரும் விரலைப் பிடிக்கவும் கூடாது."

இசக்கிமுத்துவும் இவரும் ஒரு ஜோடி, வெள்ளை. அண்ணாச்சியும் அவருடைய ஜோடி பிச்சையும் கறுப்பு. இவருடைய முறை வந்தது. இடது கை எழுந்து விளக்கு வெளிச்சத்துக்குள் நுழைந்தது. போர்டின் மேல், காயைத் தொடாமல், மெதுவாக ஒரு சுற்று. மணிக்கட்டு தாழ்வதும் எழுவதும் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. குழந்தையின் முகத்தைத் தடவுகிறவரின் கை போல இருந்தது. மற்ற போர்டுகளிலிருந்தும் ஆட்கள் எழுந்து வந்து நின்றார்கள். கை நின்றது. வலது கை ஸ்ட்ரைக்கரை வைத்தது. ஓரத்தில் கிடந்த வெள்ளையை லேசாகச் சீவி எதிர்க் குழிக்குள் போட்டார்.

நல்ல வேளை, யாரும் கை தட்டவில்லை. தட்ட மறந்துபோயிருந்தார்கள். பிச்சை வாயைப் பிளந்தபடி இருந்தார். வீட்டு மேஜையில் பார்த்ததுதான், ஆனாலும் இத்தனை கண்களுக்கு நடுவே அந்தக் கை தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஆட்டம் நகர்ந்தது. பிறகு ஒன்று நடந்தது, அதை நான் கவனித்துவிட்டேன். அண்ணாச்சியின் கறுப்பு ஒன்று குழியின் வாயில் நின்றது. ஊதினால் விழும். அண்ணாச்சி அதை விட்டுவிட்டு, ஆகாத ஒரு காயை அடித்துத் தவறவிட்டு, "ச்சே!" என்று தொடையில் தட்டிக்கொண்டார். பாவம் பார்க்கிறார். எல்லாம் பழையபடி ஆரம்பித்துவிட்டது.

இவர் முறை. இடது கை சுற்றி வந்தது. அந்த மூலைக்குப் போனதும் மணிக்கட்டு எழுந்தது. கை நின்றது. திரும்பவும் அதன் மேல் போய் வந்தது.

"அண்ணாச்சி," என்றார்.

"என்ன வே?"

"உங்க கறுப்பு குழி வாயில நிக்குது. ஏன் அடிக்காம விட்டீங்க?"

அண்ணாச்சியின் முகம் சுருங்கி, சிவந்து, திருட்டு வெளிப்பட்டவர் போல ஆனது. மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். இவர் பதிலுக்காகக் காத்திருந்தார். குரலில் கோபமில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"தப்புதான் பாய்," என்றார் அண்ணாச்சி கடைசியில். "இனி விட மாட்டேன்."

"அதாணு வேண்டது," என்றார் இவர், சந்தோஷத்தில் மலையாளத்துக்குத் தாவி.

அண்ணாச்சி சட்டையின் மேல் பட்டனைக் கழற்றினார். பவுடரை எடுத்து உள்ளங்கையில் தேய்த்துக்கொண்டார். அடுத்த முறை வந்ததும் அந்தக் கறுப்பைப் போட்டார், தொடர்ந்து இன்னொன்றையும் போட்டார். இவரும் விடவில்லை. ரெட்டைத் தேடிப் பிடித்து, நடுவிலிருந்து மூலைக்கு நேராக அடித்து இறக்கினார். ரெட் விழுந்தால் உடனே சொந்தக் காய் ஒன்றையும் போட வேண்டும், இல்லாவிட்டால் ரெட் செல்லாது. இடது கை ஒரு வெள்ளையைக் கண்டுபிடித்தது. அடித்தார். காய் விழுந்தது. பின்னாலேயே ஸ்ட்ரைக்கரும் உருண்டு போய் அதே குழிக்குள் விழுந்தது.

"ஃபைன்!" என்று கத்தினார் அண்ணாச்சி. கட்டடமே அதிர்ந்தது. "ரெட்டை எடுத்து நடுவுல வை! இப்ப விழுந்த காயும் வெளிய, மேல ஃபைன் ஒண்ணும் வெளிய!"

"ஸ்ட்ரைக்கர் விளிம்புல தட்டித்தானே உள்ள போச்சு?"

"உள்ள போச்சுல்லா? போனா ஃபைன்தான்! பெருநாள் காசா கேக்கீரு? வையும் காயை!"

இவர் கையால் போர்டின் விளிம்பில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். தோற்பதை அப்படி ரசித்த முகத்தை நான் பார்த்ததில்லை. சண்டை போட்டுக்கொண்டே காயை எடுத்து வைத்தார்.

செல்லதுரை அண்ணாச்சி குனிந்து, ஒரு கண்ணைச் சுருக்கி, ஸ்ட்ரைக்கரைக் கோட்டில் இப்படியும் அப்படியும் நகர்த்திக் குறி பார்த்தார். என் வீட்டுக்காரரைத் தோற்கடிக்கப் பார்த்தார். முழு மனசோடு, ஈவிரக்கமே இல்லாமல். நான் சுவரோரம் ஒதுங்கி, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன்.